வாய் ஆறினபிறகு வரும் ருசி

ராயபுரம், 1951

ஜனவரி 9

இன்றும் பழக்கத்தில் அவர் டம்ளரில் காப்பி ஊற்றிவிட்டேன். பாதி குடித்துவிட்டுத் தருவார், மீதி எனக்கு. விளிம்பில் அவருடைய பைப் புகையிலையின் ருசி ஒட்டியிருக்கும். கப்பல்களுக்குப் போய்வரும் துறைமுக லாஞ்சுப் படகில் அவருக்கு வேலை. கப்பல் ஆபீசர்கள் மீந்த புகையிலையை டப்பாவோடு கொடுத்துவிடுவார்கள். சிவப்பு டப்பா என்றால் பேரீச்சம்பழ ருசி. பச்சை என்றால் அடிப்பிடித்த வெல்லம். அவருக்குப் பிடித்தது கறுப்பு டப்பா. ஈர விறகுப் புகை, கொஞ்சம் தார், எல்லாம் போனபிறகு தொண்டையில் ஒரு இனிப்பு.

நவம்பரில் லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுந்து போய்விட்டார்.

இன்று டம்ளரில் வெறும் காப்பி.

ஜனவரி 13

பைப்பை வாயில் வைத்து உறிஞ்சினேன். பற்ற வைக்கவில்லை. ஒரே கசப்பு. காத்திருந்தேன். அந்த இனிப்பு வந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜனவரி 18

உறிஞ்சி உறிஞ்சி அதுவும் போய்விட்டது. கறுப்பு டப்பாவின் அடியில் கொஞ்சம் புகையிலை கிடந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பற்ற வைத்தேன். இருமல். மீன் விற்கிற கிழவிகள் சுருட்டுப் பிடிக்கிறார்களே, நான் பிடித்தால் மட்டும் என்ன? பிடிக்கும்போது ஒன்றும் இல்லை. வாய் ஆறினபிறகுதான் — அவர் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி. இந்தக் கொஞ்சமும் தீர்ந்தால் அவர் இன்னொரு தடவை போய்விடுவார்.

ஜனவரி 24

அய்யோ, என்ன செய்துவிட்டாள்! அவருடைய தங்கை சிலுவையம்மாள் பின்கட்டில் இருக்கிறாள். டப்பாவைத் திறந்து பார்த்து, மிச்சப் புகையிலையை முறத்தில் கொட்டி மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறாள். கருவாட்டுக்குப் பக்கத்தில்.

"இன்னாத்துக்கு அண்ணி இப்டி கத்துற? நமுத்துப் போச்சேன்னு வெயில்ல வச்சேன். அல்லாத்தையும் அப்டித்தானே வைக்கிறோம்?"

"கருவாட்டு பக்கத்துலயாடி?"

"வேற எங்க எடம் கீது?"

பற்ற வைத்துப் பார்த்தேன். காரப்பொடி மீன் கருவாடு. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

ஜனவரி 30

அவரோடு லாஞ்சில் இருந்த ஜேக்கப் வந்தார். கறுப்பு டப்பா ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். பழைய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்புக் காற்றில் எழுத்தெல்லாம் துருவேறிப் போயிருந்தது.

"பேரு இன்னா அண்ணி?"

"தெரியாது தம்பி. தார் மாதிரி இருக்கும்."

"கப்பல்ல போயி தார் குடுன்னு கேட்டா, பீப்பாயோட உருட்டி வுட்ருவான் அண்ணி."

சிரித்துவிட்டேன். ஜேக்கப் போனபிறகு, ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

பிப்ரவரி 5

ஜேக்கப் கொண்டுவந்தது வேறு. ரோஜாப்பூ ஊறின தண்ணீர் மாதிரி, கொப்பளித்தும் போகவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரன் வாய்.

பிப்ரவரி 7

விபூதிப் புதன். தபசு காலத்தின் நாற்பது நாள் நோன்பு இன்று ஆரம்பம். நெற்றியில் சாம்பலோடு சிலுவையம்மாள் வந்து நின்றாள்.

"பைப்பைக் குடு அண்ணி."

"எதுக்கு?"

"மறந்துட்டியா? வருசா வருசம் அண்ணன் இன்னிக்கி அத்த என் கைல குடுத்துடும். பாஸ்கு வரைக்கும் தொடவே தொடாது. குடிகாரன்கூட தபசுல வுட்டுர்றான், நீ வச்சிகினு கீறியே."

மறந்துதான் போயிருந்தேன். கொடுத்துவிட்டேன்.

அந்த நாற்பது நாளும் காப்பியில் புகையிலை இருக்காது. அவர் மட்டும்தான் இருந்திருப்பார். அது எப்படி இருக்கும்? வருஷா வருஷம் குடித்தேனே — என்ன ருசி? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. புகையிலையைத்தானே ஞாபகம் வச்சிருக்கேன். அவரை எங்க விட்டேன்?

பிப்ரவரி 21

அந்த ருசி இன்றும் ஞாபகம் வரவில்லை.

மார்ச் 25

பாஸ்கு, ஈஸ்டர் ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் சிலுவையம்மாள் பைப்பைத் திருப்பிக் கொடுத்தாள். ஜேக்கப் எந்தக் கப்பலில் பிடித்தாரோ, ஒரு கறுப்பு டப்பாவோடு வந்தார். அவர்கள் எதிரிலேயே பற்ற வைத்தேன். அணைத்தபிறகு வாய் ஆறும்வரை இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈர விறகு. தார். கடைசியில் அந்த இனிப்பு. பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.

டப்பாவை மூடி, பைப்பையும் மேலே வைத்து, ஜேக்கப் கையில் கொடுத்தேன்.

"இது இல்லியா அண்ணி?"

"இதேதான் தம்பி. எடுத்துகினு போங்க."