நெட்டையின் கழுத்துத் துணி

அன்புள்ள உனக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

என்னோடு பைக்கில் பார்சல் கொடுக்கும் நெட்டைக்கு அவன் மனைவி கழுத்துத் துணி ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறாள். அதைத் தாடை வரை இழுத்துவிட்டால் ஹெல்மெட்டுக்குள் காற்று புகாது, இரைச்சலும் இல்லையாம். "உள்ள பாடினா எனக்கே கேக்குது. எம்பொண்டாட்டி கை அப்படி" என்று நாள் முழுக்க அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது.

நானும் வீம்புக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போனேன். பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்கவில்லை. பயப்படாதே, வண்டியின் பக்கக் கண்ணாடி மட்டும்தான் போனது.

நேற்று அவன் குளிக்கப் போன நேரத்தில் அந்தத் துணியை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தேன். அவன் சொன்னது உண்மைதான், காற்றுச் சத்தமே இல்லை. ஆனால் துணி முழுக்க அவர்கள் வீட்டு வாசனை. பாதி வழியில் கழற்றிவிட்டேன்.

எனக்கும் ஒன்று தைத்து அனுப்பு. கழுத்தளவுக்கு நூல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இளைத்துவிட்டதாகத் தோன்றினால், நூலை இறுக்கிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள். புதுத் துணி வேண்டாம், நீ வீட்டில் கட்டும் பழைய பருத்திப் புடவையே போதும்.

பார்சல் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்னவன்

புடவையைத் துவைத்துவிடாதே. அப்படியே தைத்து அனுப்பு.