பதினொரு வண்டி குறைவு

டுலூத், மினசோட்டா
நவம்பர் 2, 2019

மதிப்புக்குரிய டெல்பர்ட் நோவாக் அவர்களுக்கு,

நானும் என் இடது முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு ஒருவாறு நலம். நீங்களும் உங்கள் துணைவியாரும் அங்கே நெப்ராஸ்காவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் பெயர் ஆர்வில் லிண்ட். உங்கள் சின்ன ரயில் வீடியோக்களுக்குக் கீழே 'பழைய சிக்னல்காரன்' என்ற பெயரில் நீளநீளமாக எழுதுகிறவன் நான்தான். பழைய புகைப்படம் இருந்தால் அனுப்பச் சொல்லி நீங்கள் ஒருமுறை உங்கள் முகவரியைத் திரையில் காட்டினீர்கள். அதைக் குறித்து வைத்திருந்தேன், இப்போது உதவியது.

இன்றோடு ஏழு சனிக்கிழமை ஆகிறது, உங்கள் வீடியோ வரவில்லை. காலை பத்து மணிக்குக் காபியோடு கணினி முன்னால் உட்காருவது எனக்குப் பழகிவிட்டது. என்னோடு இருக்கும் தங்கை ஆர்டிஸ் நாலு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் ஆரம்பித்துவிட்டாள். "ஏண்ணே, ஒரு மனுஷன் நெலவறையில அவரு பாட்டுக்கு ஆசையா ரயில் கட்டி வெளையாடிக்கிட்டிருந்தாரு. நீ போயி அவரு மண்டையில ஆணி அடிச்சிட்டு வந்துட்டே. அப்புறம் எப்படி வருவாரு?" என்கிறாள். எஞ்சின் தகட்டின் ஆணியைக்கூட எண்ணிக் குறை சொல்லும் என்னைப் போன்றவர்களுக்குச் சின்ன ரயில் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ரிவெட் எண்ணி' என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. இப்போது வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நான் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். ஆனால் எழுதியது சரி. உங்கள் லேஅவுட்டில், அதாவது நீங்கள் நிலவறையில் கட்டியிருக்கும் சின்ன ஊரில், காலம் 1978 அக்டோபர் 14, சனிக்கிழமை என்று நீங்களேதான் பலகையில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த நாளில் உங்கள் கார்வின் ஊரின் மெயின் தெருக் கிராசிங்கில், நீங்கள் வைத்திருந்த கேட் கிடையாது. 1979 மே மாதம்தான் வந்தது. நான் ரயில் கம்பெனியின் சிக்னல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வரைபடம் போட்டவன். அந்த கேட்டின் வரைபடம் என் மேசையில்தான் பிறந்தது. அதனால் தேதி மறக்கவில்லை. என் கமெண்டை இத்தனை பேர் பிடித்துக்கொண்டு உங்களை நையாண்டி செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் "நன்றி, சரிசெய்கிறேன்" என்று இரண்டே சொல்லில் பதில் போட்டீர்கள். அடுத்த வாரம் கேட் இல்லை. அதற்கடுத்த வாரம் நீங்களே இல்லை.

அந்த ஒரு கேட்டைத் தவிர உங்கள் கார்வினில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தானியக் கிடங்கின் தகரத்தில் வடக்குப் பக்கம் மட்டும் துரு ஏறியிருப்பதைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கிய ஊரில் வெயில் படாத பக்கத்தை யார் யோசிப்பார்கள்? ஒருமுறை பெட்டி தடம்புரண்டு உங்கள் கை படத்துக்குள் வந்தது. "ஐந்து விரல் எஞ்சின் கார்வினுக்கு வந்துவிட்டது" என்று நாங்களெல்லாம் கேலி செய்தோம். கையால் தள்ளுவதற்கு நம்மிடையே அதுதானே பெயர். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

எழுதுவதோடு எழுதுவதாக இரண்டு சின்ன விஷயம். சின்ன ஊரின் நேரத்தை வேகமாக ஓட்டிக் காட்ட நீங்கள் சுவரில் மாட்டியிருக்கும் வேகக் கடிகாரம் ஒவ்வொரு வீடியோவிலும் மூன்று ஐம்பத்தைந்தோடு நின்றுவிடுகிறது. அட்டவணைப்படி நான்கு பத்துக்கு ஒரு சரக்கு ரயில் உண்டு. அதை ஒருநாள் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு, வெள்ளை வீட்டு வாசலில் ஒரு நீலக் கார் நிற்கிறதே, அது மூன்று வருஷமாக அதே இடத்தில் நிற்கிறது. ஒரு மாறுதலுக்கு நகர்த்தி வைக்கலாம்.

கோபம் தணிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். சனிக்கிழமை நீளமாக இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
ஆர்வில் லிண்ட்

*

கார்வின், நெப்ராஸ்கா
நவம்பர் 14, 2019

திரு. லிண்ட் அவர்களுக்கு,

டெல்பர்ட்டின் மனைவி லவோன் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தது. அவர் பிரித்தார், படித்தார், மடித்து உறைக்குள்ளேயே வைத்துவிட்டார். பதில் எழுதுவாரா என்று கேட்டேன். "என்னத்த எழுதறது, அவரு சொல்றது சரிதானே" என்றார். பதில் போடாமல் விடுவது மரியாதை இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது சரிதான். கேட் இல்லை. எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதிய அந்த அக்டோபர் சனிக்கிழமையில் எங்கள் மகள் ஜாய்ஸுக்குப் பதினேழு வயது. அன்று மாலை என் நாத்தனார் வீட்டுக்கு அவளை நான்தான் அனுப்பினேன். மாதா கோயில் விருந்துக்காக இரவல் வாங்கிய பெரிய வறுவல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருக்கலாம். நாத்தனார் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நான்கு மணிக்கு அந்த நீலக் காரில் கிளம்பினாள். அந்தத் தானியக் கிடங்கை நீங்கள் பாராட்டியிருந்தீர்கள். அதற்குப் பின்னாலிருந்து வரும் ரயில் கிட்டே வரும்வரை கண்ணில் படாது.

அதற்கு முந்தைய வருஷமே டெல்பர்ட் கேட் கேட்டு ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினார். தினமும் எத்தனை வண்டி கடக்கிறது என்று எண்ணி அனுப்பச் சொன்னார்கள் ரயில் கம்பெனியில். கிராசிங் ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து எண்ணினார். நானூற்று எண்பத்தொன்பது வந்தது. ஐந்நூறு வேண்டுமாம். "ஐநூறுன்னே எழுதிடுங்களேன், யாரு வந்து பாக்கப் போறா" என்று நான் சொன்னேன். "எண்ணினது நானூத்தி எண்பத்தொம்பது லவோன். அத எப்படி ஐநூறுன்னு எழுதறது" என்றார். கம்பெனியிலிருந்து பதில் வந்தது, பதினொரு வண்டி குறைவு என்று. அந்தப் பதினொன்றை அவர் இந்த நாற்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

நிலவறையில் முதலில் வந்தது தண்டவாளம் அல்ல. வெறும் பலகையின் மேல் அவர் முதலில் நட்டது அந்த கேட்டைத்தான். பித்தளைக் கம்பியில் செய்து, சிவப்பு விளக்கு வைத்து, ஏறி இறங்கச் செய்தார். அதற்கப்புறம்தான் அதைச் சுற்றி ஊர் வந்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான், திரு. லிண்ட். நீங்கள் எழுதிய அன்று இடுக்கியை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை துணி துவைக்கும்போதும் நான் எடுத்து ஜன்னலில் வைக்கிறேன். அடுத்த சட்டையின் பைக்குள் அது போய்விடுகிறது.

அந்த வார வீடியோவை எடுத்ததோடு சரி, அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. சாப்பாடும் பாதிதான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை அவருடைய அண்ணன் மகன் ரம்பத்தோடு வந்து எல்லாவற்றையும் அறுத்து எடுத்துப்போகப் போகிறான். அவரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை.

உங்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

லவோன் நோவாக்

*

டுலூத்
நவம்பர் 19, 2019

டெல்பர்ட்,

உங்கள் துணைவியார் எனக்கு எழுதியிருக்கிறார். அதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம். கடிதத்தைப் படித்துவிட்டு நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். ஆர்டிஸ் என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். வழக்கமாக அவள் வாய் சும்மா இருக்காது. அன்று கேலி செய்யாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காருண்ணே. சாப்பாடெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த மனுஷனுக்கு எழுது, உள்ளத உள்ளபடி எழுது" என்றாள். ஐந்து தாள் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று உங்கள் துணைவியார் எழுதியிருக்கிறார். வழி இருந்தது. 1977 செப்டம்பரில் உங்கள் மனு என் மேசைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் பென்சிலிலும் பேனாவிலும் போட்ட கையெழுத்துகள், கோடு போட்ட தாளில் மணிவாரியாக நீங்கள் எழுதிய கணக்கு. நாளைக்கு ஆறு ரயில், நானூற்று எண்பத்தொன்பது வண்டி. பெருக்கினால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு. மூவாயிரம் வந்தால்தான் கேட். பதினொரு வண்டி குறைவு என்று ஓரத்தில் எழுதியது என் கை. உங்களுக்கு வந்த பதிலை எழுதியதும் நான்தான். மேலதிகாரி கையெழுத்து மட்டும் போட்டார், படிக்கக்கூட இல்லை.

அறுவடை தொடங்கியதும் லாரிகள் வரிசை கட்டும், அப்போது எண்ணினால் அறுநூறு தாண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருக்கலாம், இரண்டு வாரம் கழித்து எண்ணி அனுப்புங்கள் என்று. கிடங்கு பார்வையை மறைக்கும் என்பதும் தெரியும். அந்த இடத்தின் வரைபடத்தில் கிடங்கை நானே அளவு பிசகாமல் வரைந்திருந்தேன். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் எழுதுகிறவன் இல்லை. அந்தச் சுத்தத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

அடுத்த வருஷக் கடைசியில், கார்வினுக்கு கேட் வரைந்து கொடு என்று உத்தரவு வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்று இங்கே எழுதலாம். முந்தைய தாள் ஒன்றில் அப்படித்தான் எழுதினேன், கிழித்துவிட்டேன். கோப்பில் 'விபத்து, ஒருவர் மரணம்' என்று ஒரு வரி இருந்தது. கீழே பெயர் இருந்தது. நான் பெயரைப் படிக்கவில்லை. தாளைத் திருப்பிவிட்டு ஸ்கேலை எடுத்து வரையத் தொடங்கிவிட்டேன். உங்கள் ஊரை மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பார்த்தவன், அந்த நீலக் காரை நகர்த்தி வைக்கச் சொன்னவன், அந்தப் பெயரைப் படிக்காதவன்தான்.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அழுகை வருகிறது, இந்த வயதில் அது ஒரு பெரிய விஷயமும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் நானூற்று எண்பத்தொன்பதை ஐந்நூறு என்று எழுதவில்லை என்பதற்காக இத்தனை வருஷம் உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருந்தால், அதை இத்தோடு நிறுத்துங்கள். எண்ணியது உங்கள் வேலை. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து மேலதிகாரியிடம் போயிருக்க வேண்டியது என் வேலை. நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள்.

இன்று காலை உங்கள் கடைசி வீடியோவுக்குக் கீழே எழுதிவிட்டேன். "கார்வின் கேட் பற்றி நான் சொன்னது தவறு. 1978 அக்டோபர் 14 அன்று அந்த கேட் அங்கே இருந்தது. வரைந்தவன் நான், எனக்குத் தெரியும்." இவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் ஓஹியோக்காரர் ஒருவர், "ஆதாரம் எங்க பெருசு? ரெண்டு மாசம் முன்னாடி வேற மாதிரி சொன்னீங்க, ஞாபகம் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டார். "ஆமாம் தம்பி, ஞாபகம் போய்விட்டது" என்று பதில் போட்டேன். இனி அங்கே நான் தேதி ஒன்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. போகட்டும். யார் எத்தனை முறை கேட்டாலும் கேட் இருந்தது என்றுதான் சொல்வேன், சாகும்வரை.

தேங்க்ஸ்கிவிங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் அண்ணன் மகனிடம் ரம்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருப்பதைக் கீழே எடுத்துக்கொண்டு போங்கள். பழைய துளை அப்படியே இருக்கும், கம்பியை இணைத்தால் போதும். வீடியோ எடுக்க வேண்டாம். நான் பார்க்க வேண்டியதில்லை, எனக்கு அந்த உரிமையும் இல்லை. லவோன் அம்மாவை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை மூன்று ஐம்பத்தைந்தைத் தாண்டி ஓட விடுங்கள். நான்கு மணிக்கு அந்த நீலக் காரை வாசலிலிருந்து எடுங்கள். மெயின் தெருவில் கொண்டுவந்து தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு எரியட்டும், கேட் இறங்கட்டும். நான்கு பத்து சரக்கு ரயில் கிடங்குக்குப் பின்னாலிருந்து வந்து, கடைசிப் பெட்டிவரை முழுசாகக் கடந்து போகட்டும். அவசரம் ஒன்றுமில்லை, அவள் காத்திருப்பாள்.

கேட் ஏறியதும் உங்கள் ஐந்து விரலால் அந்தக் காரை மெல்லத் தள்ளுங்கள், டெல்பர்ட். இந்த முறை யாரும் கேலி செய்ய மாட்டோம். அந்தப் பாத்திரம் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஆர்வில் லிண்ட்