ராசப்பன் மாமாவின் ஈஸி சேர்

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மார்ட்டினும் பச்சைப் பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும், அதனால் காகிதத்தில் எழுதி, பக்கத்து வீட்டு மகாலட்சுமியிடம் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் படி.

அப்பாவுக்கு மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம், ஆபரேஷன் தாங்க மாட்டார், வீட்டில் வைத்து மருந்து கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. பேசினால் இளைக்கிறது. நீ பிள்ளை பெற்ற உடம்பு, பதறிவிடுவாய் என்று நானேதான் மறைத்தேன். நீ கூப்பிடும்போதெல்லாம் போனை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பேசியது அதற்குத்தான்.

சாய்ந்து உட்கார ஒரு ஈஸி சேர் இருந்தால் தேவலை என்று டாக்டர் சொன்னார். பாலக்கரையில் பழைய சாமான் விற்கிற வீரமலை கடைக்கு மகாலட்சுமியும் நானும் போனோம். அங்கே போகவே கூடாது ஷெர்லின், மனசு விட்டுப்போகும். தேக்கு பீரோ, ரசம் போன நிலைக்கண்ணாடி, வால்வு ரேடியோ, யார் வீட்டுக் கல்யாணப் போட்டோவோ அது கூடச் சட்டத்தோடு விலைக்கு இருக்கிறது. சட்டம்தாம்மா ஐட்டம், படத்தை உரிச்சுத் தந்துடுறேன் என்கிறார். கை உடைந்த அந்தோணியார் சுரூபம் ஒன்று மிக்ஸிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மந்திரித்த சுரூபத்தை விற்பார்களா, கோயிலில் கொடுக்க வேண்டியதுதானே என்று சத்தம் போட்டேன். மொத்தமா அள்ளிட்டுப் போங்கன்னு சொல்றாங்க, நான் எங்கம்மா பிரிச்சுப் பாக்குறது என்று அலுத்துக்கொண்டார்.

பிரம்பு பின்னிய, அகலக் கை வைத்த ஈஸி சேர் ஒன்று ஓரத்தில் கிடந்தது. சாவு வீட்டுச் சாமானை நான் வாசற்படி ஏற்ற மாட்டேன் என்று உனக்குத் தெரியும். துருவித் துருவிக் கேட்டேன். சீரங்கத்து வீடும்மா, பசங்க அமெரிக்கா, ஒவ்வொரு ரூமா வீடியோ கால்ல காட்டியே சாமானுக்கு விலை பேசி முடிச்சுட்டாங்க, பெரியவரு பசங்களோட போயிட்டாரு என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். நானும் மடச்சி மாதிரி நம்பி, வண்டி பிடித்து ஏற்றி வந்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் அப்பா அதில் சாய்ந்து அசந்து தூங்கினார். அவர் அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விழித்த பிறகு நாற்காலிக் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். இது ராசப்பன் சேராச்சே, உசுரோட இருந்தா விக்க விட்டிருக்க மாட்டாரே, எப்ப போனாரு என்று கேட்டார்.

ரயில்வேயில் அப்பாவோடு வேலை பார்த்த ராசப்பன் மாமா தவக்காலத்திலேயே தவறிவிட்டார். நோயாளிக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பதுதானே நம்மில் வழக்கம், அதனால் மகனிடம் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் வரை போனதோடு சரி, சீரங்கத்து வீட்டுக்குள் நான் போனதே இல்லை. அப்பாதான் சனிக்கிழமை தவறாமல் அங்கே கேரம் விளையாடப் போவார். நாற்காலிக் கையில் கறுப்பாக ஒரு சூடு இருக்கிறது, அப்படிப் போன ஒரு நாள் அப்பா கொசுவத்தியை வைத்துச் சுட்டதாம். கூட இருந்தவனை அனுப்பிவைக்கக்கூட விடலையே என்றார். அந்தச் சனியன் பிடித்த நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன், அவர் எழுந்திருக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஷெர்லினுக்கு என் உடம்பு தெரியுமில்ல என்று கேட்டார். நான் மாத்திரை டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெரிஞ்சும் வரலையேன்னு புள்ளைய மனசுக்குள்ள எவ்வளவு வெறுத்துட்டேன் டோரதி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றுவார், மூச்சு வாங்குவதால் என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை மாதமும் என் மகளே, உன்மேல் அந்தக் கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். என் பாவம் எனக்கு.

பிள்ளைக்கு ஊசி போட்ட கையில் வீக்கம் இருந்தால் தேய்க்காதே. மாப்பிள்ளையிடம் பதற்றப்படாமல் சொல். பேரனுக்கு நெற்றியில் சிலுவை வரைந்து தாத்தாவும் நானும் கொடுத்ததாக முத்தம் கொடு. இரக்கமுள்ள ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், போனில் வேண்டாமாம், நேரில்தானாம். டிக்கெட் போடு.

உன் அம்மா,
டோரதி அமிர்தசாமி