ஒவ்வொரு ஸ்வரமாக

மகனுக்கு,

"ஜாஸ் ரெக்கார்டிங்ப்பா, நீங்க வந்தே ஆகணும்" என்று சொல்லித்தானே சிட்லபாக்கத்திலிருந்து என்னை அழைத்துப் போனாய்? பல வருடங்களுக்குப் பிறகு சாக்ஸபோனைத் துடைத்து எடுத்து வந்தேன். ஸ்டுடியோவில் பாட்டே இல்லை. ஒவ்வொரு ஸ்வரமாக ஊதச் சொல்லி உன் கீபோர்டில் பதிவுசெய்துகொண்டாய்.

"பாட்டு எப்போடா?"

"அவ்ளோதாம்ப்பா."

நேற்று தாம்பரம் கல்யாணத்தில் நீ மேடையில் கீபோர்டு வாசித்தபோது நான் பந்தியில் இருந்தேன். நீ கட்டையை அழுத்த அழுத்த, என் சாக்ஸபோன் சத்தம் வந்தது. "நீங்க ஊதற மாதிரியே இருக்குல்ல!" என்று உன் அம்மா பூரித்துப்போனாள். நான் மூச்சு எடுக்கும் இடத்தில்கூட அது நிற்கவில்லை.

என் சாவுக்கு அதை வாசிக்காதே. மூச்சு விடுகிற ஒருவனைக் கூப்பிட்டு ஊதச் சொல்.

உன் அப்பா