கூரையில் தண்ணீர் விட்டுப் பார்த்தது

ஞாயிறு, ரவாங், மலேசியா. இரவு 10.40

படுக்கை வசதியுள்ள பழைய மோட்டர்ஹோம் வண்டியின் கூரை ஒழுகலை அடைத்துவிட்டேன் என்று நம்பி, மாலையில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே குழாயைப் பிடிக்க, மற்றவர் உள்ளே நின்று எங்கே சொட்டுகிறது என்று குரல் கொடுக்க வேண்டும். நானும் மனைவி சாந்தியும் ஊர் சுற்றத்தான் இந்த வண்டியையே வாங்கினோம். எங்கள் மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று அவள் மெல்பர்ன் போனாள். பேரன் இப்போது நடக்கிறான்.

பக்கத்து வீட்டு குமார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அங்கிள், தனியாவா ஏறுறீங்க? நான் உள்ள நிக்கிறேன் லா."

"வேணாம்பா, போன் இருக்கு" என்றேன். என்ன வீம்போ. போனை உள்ளே கட்டில்மேல் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு ஏணியில் ஏறினேன்.

இறங்கி வந்து அதைப் போட்டுப் பார்த்தேன். ஆளில்லாத வண்டி. கூரையில் தண்ணீர் கொட்டும் சத்தம். நடுவில் என் குரல்: "சாந்தி, ஒழுகுதா?" கொஞ்சம் விட்டு மறுபடியும், "ஏய், ஒழுகுதா இல்லையா, சொல்லேன்!"

அப்படிக் கத்தியது எனக்கு நினைவே இல்லை. குமாருக்குக் கேட்டிருக்கும்.

வீடியோவை அவளுக்கே அனுப்பினேன். இப்போதுதான் பதில் வந்தது; அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

"ரெண்டாவது ஜன்னல் மேல சொட்டுது. நல்லா பாருங்க."

போய்ப் பார்த்தேன். அங்கேதான் ஈரம்.

நான் கூப்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.