அப்பா எந்தக் கேம்புக்குப் போகிறார்?

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே என் முழங்கால் வழக்கம்போலத்தான். அப்பாவின் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குறையில்லாததுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டதும் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார், பேச்சு முடியும் வரை பக்கம் மட்டும் திரும்புவதில்லை. அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், நீயும் அப்பாவும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் என்ன திட்டம் போட்டிருக்கிறீர்கள்?

நீ சிநேகிதர்களோடு கேம்பிங் போனதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் சத்தமாகப் படித்தபோது அப்பா முதலில் கேட்டது, அதற்குப் படி உண்டாமா என்பதுதான். நில அளவை அலுவலகத்தில் காலம் தள்ளியவருக்குக் கேம்ப் என்றால் ஜீப், விருந்தினர் மாளிகை, வாளியில் வெந்நீர், ஊர் திரும்பியதும் பயணப்படி. கைக்காசைப் போட்டுக் கூடாரம் அடித்துத் தரையில் படுத்திருக்கிறாய் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நீ அனுப்பிய படத்தை, ஏரிக்கரையில் டென்ட் முன்னால் நீ குந்தியிருக்கும் படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் அவர் கட்டிலை விட்டு ஹாலில் தரையில் படுக்க ஆரம்பித்தார். கேட்டால் முதுகுக்கு நல்லதாம். எந்த டாக்டர் சொன்னார் என்றால் பேப்பரில் போட்டிருந்தானாம். அந்தப் பேப்பரை நானும்தான் படிக்கிறேன். அப்புறம் பரணில் குடை மாதிரி நீளமாக ஒரு பை முளைத்தது, அது பழைய திரைச்சீலையாம். அவர் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் இறக்கிப் பிரித்தேன். துண்டு துண்டாக மடித்த கம்பிகள், உள்ளே ரப்பர் நாடா ஓடுகிறது. ஒன்றை இழுத்தேன், மற்றவையெல்லாம் தாமாகவே படபடவென்று கோர்த்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நீண்டு சுவர்க் கடிகாரத்தைத் தட்டிக் கோணலாக்கிவிட்டன. துணியை விரித்த பிறகுதான் டென்ட் என்று புரிந்தது. திரும்ப மடித்தால் பைக்குள் போகவே மாட்டேன் என்கிறது. மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கியும் பாதி வெளியே தொங்கியது, அப்படியே பரணில் தள்ளிவிட்டேன். அப்பா வந்து பார்த்தார், நிமிர்ந்து கடிகாரத்தையும் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பை எதற்கு என்று நான் கேட்பேன் அல்லவா? அன்றிலிருந்து இரண்டு பேரும் திருடர்கள் மாதிரிதான் வீட்டுக்குள் நடமாடுகிறோம்.

என் டீச்சர் அனுபவத்தில் ஒரு பையன் கணக்குக்கு விடையை மட்டும் சரியாக எழுதி வழிமுறையை எழுதாமல் விட்டால், உடனே பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தான் என்று பார்ப்பேன். இங்கேயும் அதையேதான் செய்தேன். கீழ்வீட்டுத் தையற்காரரை விசாரித்தேன். நான் இல்லாத சமயம் பார்த்து அப்பா மொட்டை மாடியில் டென்ட்டை நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறார், காயப்போட்ட துணியை எடுக்கப் போன தையற்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், டீச்சரம்மா வெளிய தள்ளிட்டாங்களா?" என்று கேட்டாராம். "இன்னும் இல்ல, தள்ளினா இருக்கட்டும்னுதான்" என்றாராம் உங்கள் அப்பா. அடுத்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக் காவலாளி. சனிக்கிழமை சாயங்காலம் சார் மைதானத்தில் டென்ட் போட்டார் என்று அவரே வந்து சொன்னார். நிலம் அளக்கிறவர் கை, முளையைத் தூக்கு நூல் விட்டதுபோல் நேராக அடித்திருக்கிறது. டென்ட் முளையைச் சாய்த்து அடித்தால்தான் கயிற்றின் இழுப்புக்குத் தாங்குமாம். ஒரு காற்று வந்தது, முளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு டென்ட் உருண்டுபோய் வாலிபால் வலையில் தொங்கியது, சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார் என்று காவலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு எனக்கும் வந்தது, ஆனால் இந்த வயதில் கால் இடறியிருந்தால் என்ன ஆவது?

கடைசியாக, போட்டோ. கண்ணாடி இல்லாமல், காது இரண்டும் தெரிய, வெள்ளைப் பின்னணியில் எடுத்து வந்திருக்கிறார். பென்ஷனுக்காம். பென்ஷன் நானும்தான் வாங்குகிறேன், என் காதை யாரும் கேட்டதில்லை. அது பாஸ்போர்ட்டுக்கான போட்டோ. ஆகவே நீ அவரை அந்த வெளிநாட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறாய், கேம்பிங் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய், அம்மாவுக்குத் தெரிந்தால் தடுப்பாள் என்று இருவரும் மூடி மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். தடுத்திருக்க மாட்டேன், கண்ணா. டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று அந்தப் பையிலேயே அச்சடித்திருக்கிறது, அதை மட்டும் இருவருக்கும் சொல்லியிருப்பேன். அப்பா இருந்த நில அளவை அலுவலகத்து வேலை வேண்டாம் என்று நீ கிளம்பிய நாளிலிருந்து உங்கள் பேச்சு, நல்லா இருக்கியா, இருக்கேன்பா, இந்தா அம்மாகிட்ட பேசு என்பதோடு சரி. அப்படிப்பட்ட இருவர் கூடிச் சதி செய்கிறார்கள் என்றால் கோபத்துக்கு அடியில் எனக்குச் சந்தோஷம்தான்.

இதுவரை காலையில் எழுதியது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பொறுக்க முடியாமல் நேரிலேயே கேட்டுவிட்டேன். பரணில் இருக்கும் டென்ட்டை நான் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். பையன் உங்களைக் கூப்பிட்டானா என்றேன். தட்டைப் பார்த்தபடியே, "கூப்பிட்டா, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி போய் நிக்கக் கூடாதில்ல" என்றார். எனக்கு முதலில் உறைக்கவில்லை, மோர் ஊற்றும்போதுதான் உறைத்தது. கூப்பிட்டான் என்று சொல்லவில்லை, கண்ணா. கூப்பிட்டால் என்று சொன்னார்.

எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், உன்மேல் இருந்த சந்தேகமும் உனக்குத் தெரியட்டும். இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் மீதி, நீ அவரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே இல்லையோ என்னவோ, தப்பு சொல்லவில்லை, அவரும் அப்படி ஒரு முகத்தை உனக்குக் காட்டியதில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. வழக்கப்படி நலம் கேட்டுவிட்டுப் போனை நீட்டுவதற்கு என்னைத் தேடுவார், நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் என் காதில் விழாது. அந்த நேரத்துக்குள் நீ கேட்டுவிட வேண்டும். ஒருவேளை முடியாது என்பார், வேலை இருக்கிறது என்பார். நம்பாதே, இன்னொரு தடவை கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தரையில் படுக்காதே. எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும். பதில் எழுதினால் தையற்காரர் கடை விலாசத்துக்கு எழுது.

உன் போனுக்காக மாடிப்படி ஏறக் காத்திருக்கும்,
அம்மா