வணிகக் கல்லூரியின் கடைசி இடம்

1958 ஜனவரி, செவ்வாய். காஜா பெராங்.

கோலாலம்பூர் வணிகக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வில் என் மகள் கமலாவுக்கு எழுபத்தொன்று. கடைசி இடம் அவளுக்குத்தான். அடுத்து நிற்பவன் அறுபத்தெட்டு வாங்கிய செல்வம். அவளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையும் அவன்தான்.

இன்று மாலை செமாபோக்கிலிருந்து அவன் அப்பா வெற்றிலைத் தட்டோடு வந்தார். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து என் மனைவி கேசரி கிண்டினாள். அவர் கேசரியை முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கமலா விட்டுக்கொடுத்தா செல்வத்துக்குக் கிடைக்கும். இடம் நம்ம குடும்பத்துக்குள்ளதானே இருக்கப் போகுது, சம்பந்தி!"

வணிகம் படிக்க மகனைவிட அப்பாவுக்கே தகுதி அதிகம்.

"விட்டுக்கொடுக்கலைன்னா?"

"தட்டு ஒண்ணும் கனமில்ல லா. திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

கமலா உள்ளேயிருந்து வந்தாள். "மாமா, அவரை அடுத்த வருஷம் மறுபடி எழுதச் சொல்லுங்க. வேணும்னா கணக்கு நான் சொல்லித் தாரேன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அவளைக் கண்டிக்க வேண்டும் என்கிறாள் மனைவி. கண்டிக்கத்தான் எழுந்து போனேன். கமலா துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூடி சேரவில்லை. மேலே உட்கார்ந்து அழுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.